பன்னிரண்டு அடி நிம்மதி

தாமரைச்செல்விக்கு நிம்மதி முப்பத்தொன்று என்று வந்தபோது அந்த வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அன்று காலையில்தான் அவள் ஒரு டம்ளரைத் தூக்கிச் சுவரில் எறிந்திருந்தாள். எவர்சில்வர் டம்ளர். சேதம் சுவருக்குத்தான்.

"முப்பத்தொண்ணு," என்றான் பொன்னுரங்கம், அவள் மணிக்கட்டை எட்டிப் பார்த்து. "நேத்து முப்பத்தஞ்சு இருந்துச்சு. டம்ளருக்கு நாலு போயிருக்கு."

"சிரிக்காத தம்பி," என்றாள் மாதேஸ்வரி. "நாப்பதுக்குக் கீழ ஒருத்தர் நின்னாலும் வீடு பெயிலு. பூட்டிட்டுப் போயிடுவாங்க."

அந்த வீடு ஆத்தூரைத் தாண்டி, ஜவ்வரிசி ஆலைகள் வரிசையாக நிற்கும் சாலையில் இருந்தது. அரசாங்கத்தின் வாயில் அதற்குத் 'துணைவாழ்வு இல்லம்' என்று பேர். தனியாகச் சமாளிக்க முடியாதவர்களை ஒரே கூடத்தில் கொட்டி வைக்காமல், இரண்டு மூன்று பேராக ஒரு வீட்டில் வைத்து, கூடமாட ஓர் ஆளையும் போட்டு, மற்ற சனங்களைப் போலப் பிழைத்துக்கொள்ளச் சொல்வது. யோசனை நல்ல யோசனைதான்.

இந்த வீட்டில் மூன்று பேர். பொன்னுரங்கம் எதிர் ஆலையில் மூட்டை தூக்கியவன். லாரி மேலிருந்து மூட்டையோடு விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது, சக்கர நாற்காலி. குழந்தைவேலுவுக்கு நாற்பது வயது. கணக்கு வராது, கடிகாரம் பார்க்கத் தெரியாது, டிவி நாடகங்களின் தலைப்புப் பாட்டு அத்தனையும் தெரியும். தாமரைச்செல்விக்கு இருபத்தேழு. பிறவியிலேயே கைகால் இறுக்கம். காற்றில் ஆடுகிற கொடி மாதிரி நடப்பாள். மற்றவர்கள் ஐந்து வாக்கியம் பேசுகிற நேரத்தில் அவள் ஒன்று பேசுவாள். இந்த மூன்று பேருக்கும் உதவியாள் மாதேஸ்வரி. அவளும் ஒரு காலத்தில் ஆலையில் கிழங்கு உரித்தவள்தான்.

கவனிப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க முன்பெல்லாம் அதிகாரிகள் வருவார்கள். கக்கூஸ் டைல்ஸைத் தொட்டுப் பார்ப்பார்கள். டீ குடிப்பார்கள். "எல்லாம் திருப்திதானே?" என்று மாதேஸ்வரியைக் கேட்பார்கள். போய்விடுவார்கள். இதில் உண்மை தெரிவதில்லை என்று யாரோ கண்டுபிடித்துப் பட்டையைக் கொண்டுவந்தார்கள். ரப்பர் மாதிரி வளையும், சாம்பல் நிறத்தில் இருக்கும், கையில் கட்டிக்கொள்ள வேண்டும். நாடி, வியர்வை, உடம்புச் சூடு, தாடை அசைவது வரைக்கும் எல்லாவற்றையும் அது கேட்டுக்கொள்ளும். கூட்டிக் கழித்து, நூற்றுக்கு இவ்வளவு நிம்மதி என்று சென்னைக்குச் சொல்லிவிடும். அதிகாரி வர வேண்டியதில்லை. டீச் செலவும் மிச்சம்.

தாமரைச்செல்வி கேட்டது ஒன்றே ஒன்று. செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குத் தனியாகப் போய்வர வேண்டும். மாதேஸ்வரி கூட வரக் கூடாது. கூட வந்தால் கடைக்காரர்கள் மாதேஸ்வரியைப் பார்த்து, "பாப்பாவுக்கு என்னங்க வேணும்?" என்று கேட்கிறார்களாம். பாப்பாவுக்கு நரைமுடி ரெண்டு வந்துவிட்டது.

"விட்டுத்தான் பாரேன்க்கா," என்றான் பொன்னுரங்கம். "கேட்டது கெடைச்சா நம்பர் ஏறுமில்ல?"

"விட்டேனே. போன மாசம் முக்குக் கடைக்குத் தனியாத்தான் அனுப்புனேன். தேங்காய்க்குப் பேரம் பேசி ஜெயிச்சுட்டு, மொகமெல்லாம் சிரிப்பா வந்தா. பட்டையப் பாத்தா இருவத்தினாலு."

"சிரிச்சுக்கிட்டு வந்ததுக்கா?"

"நெஞ்சு படபடன்னு அடிச்சா அதுக்கு எல்லாம் ஒண்ணுதான். சண்டைன்னும் தெரியாது, சந்தோசம்னும் தெரியாது."

பொன்னுரங்கம் கொஞ்சம் யோசித்தான். "அப்ப ஆசப்பட்டாலும் கொறையும். கெடைச்சாலும் கொறையும். ஆசையே இல்லாம கெடந்தாத்தான் ஏறும். அதுக்குச் செத்துத்தான் போகணும்."

"செத்தா சைரன் அடிக்கும்," என்றாள் மாதேஸ்வரி. "பட்டைய அரை மணி நேரம் எறக்கி வச்சாலும் அடிக்கும். சூடும் நாடியும் இருந்துக்கிட்டே இருக்கணும்."

வீட்டைப் பூட்டினால் மூவரும் போக வேண்டிய இடம் சேலத்துப் பக்கம் இருக்கும் பெரிய இல்லம். பொன்னுரங்கம் அங்கே மூன்று வருஷம் இருந்தவன். ஒரே கூடம், நாற்பது கட்டில், எப்போதும் அணைக்காத டியூப்லைட். அங்கே அவனுக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் பக்கத்துக் கட்டில் சூசைராஜ். சூசை ஒரு காலத்தில் லாரி ஓட்டியவன், சர்க்கரையில் ரெண்டு காலும் போனவன். சாம்பாரில் உப்பில்லை என்று தினமும் சண்டை போடுவான். உப்பிருந்தால் புளியில்லை என்பான். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பொன்னுரங்கத்துக்குப் போன் போட்டு, அந்த வாரத்துச் சாம்பாரை முழுதாகச் சொல்லித் திட்டுவான்.

கணக்கு எடுக்கும் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. தாமரைச்செல்வி முப்பத்தைந்தைத் தாண்டவில்லை.

முதலில் அவள் பட்டையை மாதேஸ்வரி தன் கையில் கட்டிப் பார்த்தாள். பத்தொன்பது காட்டியது.

"அக்கா, மொதல்ல உன்னத்தான் இல்லத்துல சேக்கணும்," என்றான் பொன்னுரங்கம்.

பிறகு குழந்தைவேலுவின் இரண்டு கையிலும் இரண்டு பட்டை கட்டினார்கள். அவனுக்கு எப்போதும் எழுபதுக்கு மேல் வரும். நாடகத்தில் 'தொடரும்' போடுகிற நேரத்தில் மட்டும் இறங்கும். ஒரு மணி நேரத்தில் சென்னையிலிருந்து செய்தி வந்தது: இரண்டு பயனாளிகளின் நாடி ஒன்றாகத் துடிக்கிறது, பழுது நீக்கவும். குழந்தைவேலு பட்டையைக் கழற்ற விடவில்லை. அவனுக்கு அது கடிகாரம். கெஞ்சித்தான் கழற்றினார்கள்.

அப்போதுதான் அடுப்படிச் சுவருக்குப் பின்னாலிருந்து எருமை கத்தியது.

அது நல்லப்பனுடைய எருமை. அடுப்படிக்கும் அவர் கொட்டகைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இடம் மாறினால் பட்டைக்குத் தெரிந்துவிடும். எத்தனை அடி என்பதுகூடத் தெரியும். ஆனால் நடுவில் ஒரு சுவர் இருப்பது தெரியாது. பொன்னுரங்கம் மாதேஸ்வரியைப் பார்த்தான். மாதேஸ்வரி தாமரைச்செல்வியைப் பார்த்தாள். தாமரைச்செல்விதான் முதலில் சிரித்தாள்.

"நாடி எங்க இருக்கும் அதுக்கு?" என்று நல்லப்பனைக் கேட்டார்கள்.

"மாட்டு டாக்டரு வந்தா வாலுக்கு அடியிலதான் கை வச்சுப் பாப்பாரு," என்றார் நல்லப்பன். "ஏன், என்ன சமாச்சாரம்?"

சொன்னார்கள். அவர் எருமையை ஒருமுறை பார்த்தார். "அதுக்கு ஏதும் ஆவாதில்ல?"

"ஆவாது. அதுக்கு மார்க்கு போடுவாங்க, அவ்வளவுதான்."

வாலின் அடியில், மயிர் இல்லாத இடமாகப் பார்த்துக் கட்டினார்கள். எண் முப்பதிலிருந்து புறப்பட்டது. ஐம்பத்தெட்டு. எழுபத்திநாலு. எருமை படுத்தது. எண்பத்தொன்பது. அசைபோட ஆரம்பித்தது. தொண்ணூற்றாறில் போய் நின்றது. நான்கு பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் எருமையைப் பார்த்து இவ்வளவு ஏக்கப்பட்டது பொன்னுரங்கத்துக்கு அதுதான் முதல் தடவை.

"நம்ம ஊட்டுல எவனுக்கும் இல்ல பாரு இது," என்று சொல்லிவிட்டு நல்லப்பன் திப்பி கரைக்கப் போனார். கிழங்கைப் பிழிந்து மாவு எடுத்தபின் ஆலையில் மிஞ்சும் சக்கைதான் திப்பி. எருமைக்கு அதில் கொள்ளைப் பிரியம்.

தாமரைச்செல்வி அரசாங்கக் கணக்கில் கொட்டகையில் படுத்திருந்த அந்த மாதம் முழுக்க, நிஜமாகச் சந்தைக்குப் போய்வந்தாள். முதல் வாரம் பஸ்ஸில் ஒரு செருப்பைத் தொலைத்தாள். அடுத்த வாரம் கண்டக்டரோடு சண்டை. அதற்கடுத்த வாரம் விழுந்து முட்டி சிராய்த்துக்கொண்டு, கையில் அரை கிலோ நெத்திலியோடு வந்தாள்.

"எவ்வளவு சொன்னான்?" என்று பொன்னுரங்கம் விலை கேட்டான்.

அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தான். "நான்... ஒரு வெல... சொல்லி முடிக்கிறதுக்குள்ள... அவனே... ரெண்டு தரம்... கொறச்சுட்டான்."

"உனக்கு இருக்குற வாய்க்கு நீ ஆலை முதலாளியா ஆயிருக்கணும்," என்றான் பொன்னுரங்கம். மாதேஸ்வரி முட்டிக்கு மஞ்சள் வைத்தாள். திட்டிக்கொண்டேதான் வைத்தாள்.

வீடு பாஸானது. பாஸானதோடு விட்டிருந்தால் தேவலை. முப்பதிலிருந்து தொண்ணூற்றாறு போன ஆள் மாநிலத்தில் வேறு யாரும் இல்லையாம். எப்படிச் சாதித்தீர்கள் என்று பார்க்க, தர மதிப்பீட்டு அலுவலர் சுகிர்தா மேடம் நேரிலேயே வந்தார். அந்த வீட்டுக்கு அதிகாரி ஒருவர் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முதல் நாளே தகவல் வந்துவிட்டதால் பட்டையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, தாமரைச்செல்வி கையில் கட்டியிருந்தார்கள். அதிகாரி பக்கத்தில் இருக்கிற நேரத்து எண் கணக்கில் சேராது என்பது விதி. புது ஆளைப் பார்த்தால் படபடப்பு வரும் என்பதால் அப்படி.

"என்னம்மா, சந்தோஷமா இருக்கியா?" என்று மேடம் தாமரைச்செல்வியைக் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் மாதேஸ்வரி பக்கம் திரும்பிவிட்டார். கெட்ட மனுஷி இல்லை. காலையிலிருந்து மூன்றாவது ஊர். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"விடியறதுக்கு முன்னாடியே எழுந்துடறாங்க," என்றார் டேப்லெட்டில் கோடுகளைப் பார்த்தபடி. "நல்ல பழக்கம். அப்புறம் தாடை ஒரே சீரா அசைஞ்சிக்கிட்டே இருக்கு. மணிக்கணக்கா. ஏதாவது ஜபம் பண்ணுவாங்களா?"

"ஆமாங்க," என்றாள் மாதேஸ்வரி. "முணுமுணுப்பா."

"எந்த சாமி?"

"அது... எல்லா சாமியும்ங்க."

"உடம்புச் சூடு கொஞ்சம் கூட."

"சூட்டு ஒடம்புங்க மேடம்," என்றான் பொன்னுரங்கம்.

"சாப்பாடு?"

"ஒரே சாப்பாடுதாங்க. கிழங்குல செஞ்சது. கரைச்சுக் குடுப்போம். மதியம் குழாய்த் தண்ணி பீச்சிக் குளியல், கிட்டப் போறது நாங்க ரெண்டு பேரு மட்டும்."

"ரொம்ப முக்கியமானது இது," என்று மேடம் ஒரு படத்தைக் காட்டினார். நடுவில் ஒரு புள்ளி, சுற்றி ஒரு வட்டம். "இந்தப் பன்னிரண்டு அடி வட்டத்தை விட்டு அவங்க வெளியே போறதே இல்லை. போகணும்னு தோணுறதும் இல்லை போல."

"அதுக்கு மேல கயிறு..." என்று ஆரம்பித்த மாதேஸ்வரி நிறுத்திக்கொண்டாள்.

"கயிறு?"

"கயித்துல துணி காயப் போட்டிருப்போம்ங்க. அதோட திரும்பிடும்."

மேடம் அதையும் எழுதிக்கொண்டார். தாமரைச்செல்வி அவ்வளவு நேரமும் முதல் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வாயைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கார் கிளம்பிப் போன பிறகு, "இல்ல," என்று சொல்லி முடித்தாள்.

இரண்டு மாதத்தில் சுற்றறிக்கை வந்தது. 'தாமரைச்செல்வி முறை' என்று தலைப்பு. மாநிலத்தின் எல்லா இல்லங்களுக்கும் உடனே நடைமுறைக்கு வருகிறது. விடியுமுன் எழுப்ப வேண்டும். ஒரே விதமான கரைத்த உணவு. மதியம் குழாயில் தண்ணீர் பீய்ச்சிக் குளியல். பழகிய இருவர் தவிர வேறு யாரும் கிட்டே போகக் கூடாது. ஒவ்வொருவருக்கும் கட்டிலைச் சுற்றிப் பன்னிரண்டு அடிக்குத் தரையில் கோடு போட்டு, அதற்குள் இருக்கப் பழக்க வேண்டும். விருந்தாளி, வெளியூர், வாக்குவாதம் ஆகியவை தவிர்க்கப்பட வேண்டும். இந்த முறையைக் கண்டுபிடித்ததற்காக வீட்டுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். குழந்தைவேலு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினான்.

"சோறு போடற விதத்தப் பாத்தா நல்லப்பனக் கூப்புட்டுத்தான் கேடயம் குடுக்கணும்," என்றான் பொன்னுரங்கம். மாதேஸ்வரி சிரித்தாள். அந்த வாரம் வரைக்கும் சிரிக்க முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சூசை போன் போட்டான்.

"எவடா அவ தாமரைச்செல்வி? கையில கெடைச்சா கழுத்தத் திருகிடுவேன். கூழு ஊத்துறானுங்கடா, மூணு வேளையும் கூழு. தண்ணிய எம்மேல பீச்சி அடிக்கிறானுங்க, நான் என்ன லாரியா? தரையில கோடு கிழிச்சிருக்கான், தாண்டக் கூடாதாம். கால் இல்லாதவனுக்குக் கோடு எதுக்குடா?"

பொன்னுரங்கம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். தாமரைச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தடுத்த வாரங்களில் திட்டு சிறிதானது. ஒரு ஞாயிறு கூழைப் பற்றி மட்டும் சொன்னான். ஒரு ஞாயிறு போனே வரவில்லை. பொன்னுரங்கமே கூப்பிட்டான்.

"எப்படிடா இருக்க?"

"நல்லா இருக்கேன்."

"கூழு எப்படி?"

"கூழுதான்."

"உப்பு இருக்கா?"

"இருக்கும்."

"சூசை, என்னடா ஆச்சு உனக்கு? திட்டுடா ஏதாவது."

"எதுக்கு," என்றான் சூசை. கோபமாகச் சொல்லவில்லை. தெரியாததைக் கேட்பது மாதிரிக் கேட்டான். பிறகு, "எனக்கு இப்பத் தொண்ணூத்தஞ்சு," என்று சொல்லி வைத்துவிட்டான்.

அன்று பொன்னுரங்கம் பாதிச் சோற்றில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மாதேஸ்வரியையும் தாமரைச்செல்வியையும் கூப்பிட்டான்.

"மேடத்துக்கிட்டச் சொல்லிடப் போறேன். எருமைதான்னு."

மாதேஸ்வரி கையிலிருந்த கரண்டியைக் கழுவி, துடைத்து, மாட்டிவிட்டுத்தான் பேசினாள். "சொல்லு. சொன்னா என்ன ஆவும்னு யோசிச்சியா? வீட்டப் பூட்டுவாங்க. என்னையத் தொரத்துவாங்க, அது போவுது. நீங்க மூணு பேரும் எங்க போவீங்க? அங்கதான். சூசைக்குப் பக்கத்துல இன்னும் மூணு கோடு கிழிப்பான். அதுல சூசைக்கு என்ன கெடைச்சிரும்?"

"சொல்லாம இருந்தா?"

"சொல்லாம இருந்தா இவ செவ்வாக்கெழம சந்தைக்குப் போவா. நீ இந்தா, இப்படி எங்கூட வம்பு வளப்ப. குழந்தவேலு பாட்டுப் பாடுவான். அவ்வளவுதான். நாம பொழச்சது மிச்சம்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் பொன்னுரங்கத்துக்குக் கஷ்டமாக இருந்தது. மூட்டை தூக்கிய காலத்தில் ஒருத்தன் தடுமாறினால் பின்னால் வருகிறவன் தன் மூட்டையைப் போட்டுவிட்டுத்தான் பிடிப்பான். போட்ட மூட்டை கிழிந்தால் மேஸ்திரியிடம் ஏச்சு வாங்க வேண்டும். அப்படியும் பிடிப்பான். யாரும் அதை யோசித்துச் செய்வதில்லை. இப்போது அவனுக்கு யோசிக்க நேரம் நிறைய இருந்தது. அதனால்தான் பயமாக இருந்தது.

தாமரைச்செல்வியின் வாய் அசைந்தது. இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"எம்... பேரு... போட்டிருக்கு," என்றாள். "சூசை... என்னத்தான... திட்டுனாரு."

மாதேஸ்வரி போனை எடுத்தாள். சுகிர்தா மேடத்தின் எண்ணை அவளே போட்டுக் கொடுத்தாள்.

மேடம் நாலாம் நாள் வந்தார். பொன்னுரங்கம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவரைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய், வாலைத் தூக்கிக் காட்டினான். பட்டை தொண்ணூற்றேழு காட்டியது. மேடம் எருமையைப் பார்த்தார். எருமை மேடத்தைப் பார்த்தது. அசைபோடுவதை நிறுத்தவில்லை.

"இதுதான் ஜபமா?" என்றார் மேடம்.

"ஆமாங்க."

நல்லப்பன் ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார். மேடம் அதில் உட்கார்ந்தார். அதட்டுவார், போலீஸைக் கூப்பிடுவார் என்றெல்லாம் பொன்னுரங்கம் நினைத்திருந்தான். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்களுக்கும் சந்தேகம் வந்துச்சு," என்றார். "நாடி கம்மி, சூடு கூட. இது மனுஷங்கதானான்னு கணினியே ஒரு தடவை கேட்டுச்சு. சரி, நல்ல மார்க் வாங்குற மத்த இல்லங்களோட ஒத்துப் பாருங்கன்னு சொன்னாங்க. ஒத்துப் பாத்தோம்."

"என்னங்க வந்துச்சு?"

"பெரிய இல்லத்துல கட்டிலோட இருக்கறவங்க கோடும் இந்தக் கோடும் ஒண்ணு மேல ஒண்ணு அப்படியே உக்காந்துச்சு. நாற்பது பேர்ல முப்பத்தஞ்சு பேருக்கு. இந்த முறை வர்றதுக்கு முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு. அதனால இது மனுஷங்கதான்னு முடிவு பண்ணிட்டோம்."

எருமை காதை ஆட்டி ஈயை விரட்டியது.

"சூசைராஜோடதும் உக்காந்துச்சுங்களா?" என்று கேட்டான் பொன்னுரங்கம்.

மேடம் டேப்லெட்டில் தேடினார். "அப்ப இல்லை. நாப்பத்தி ஒண்ணுல குதிச்சுக்கிட்டு இருந்திருக்கார். அவரும் இன்னொரு நாலு பேரும்தான் பாக்கி." விரலால் ஒதுக்கினார். "இப்ப உக்காந்துடுச்சு."

எருமை வாலிலிருந்து பட்டையைக் கழற்றி, கழுவி, தாமரைச்செல்வியின் கையில் அவரே கட்டினார். இருபத்தாறு. அதிகாரி நேரத்து எண் சேராது. அவர் கிளம்பிய பிறகு என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

"வீட்ட என்னால காப்பாத்த முடியாது," என்றார். "நம்பர் நம்பர்தான். எருமைன்னு எழுதி அனுப்புனா மாதேஸ்வரி ஜெயிலுக்குப் போவாங்க, நான் வீட்டுக்குப் போவேன், சுற்றறிக்கை அப்படியே இருக்கும். அதை ரத்து பண்ணக் காரணம் எழுதணும். இந்தக் காரணத்துக்கு எவனும் கையெழுத்துப் போட மாட்டான்." டேப்லெட்டை மறுபடி திறந்தார். "திருத்தம் வேணா போடலாம். அச்சுப் பிழைக்குப் போடுவோமே, அந்த மாதிரி. அதுக்குக் காரணம் எழுத வேண்டியதில்லை." பிறகு தாமரைச்செல்வியின் பக்கம் முக்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "பன்னிரண்டு அடின்னு இருக்கிற இடத்துல என்னம்மா போடட்டும்?"

தாமரைச்செல்வி ஆரம்பித்தாள். மாதேஸ்வரி நடுவில் புகுந்து எடுத்துக்கொடுக்கப் பார்த்தாள். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். டீ ஆறியது. டிரைவர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். சந்தை, கண்டக்டர், செருப்பு, நெத்திலி, தன்னைப் பாப்பா என்கிற கடைக்காரர்கள் எல்லாம் வந்தன. மேடம் எழுதிக்கொண்டே இருந்தார்.

திருத்தம் ஒரே வரி. 'மேற்படி சுற்றறிக்கையில் பன்னிரண்டு அடி என்பதை அவரவர் கேட்கும் தூரம் எனவும், கரைத்த உணவு என்பதை அவரவர் கேட்கும் உணவு எனவும் திருத்திப் படிக்கவும்.' திருத்திப் படித்தார்கள். 'தாமரைச்செல்வி முறை' என்ற தலைப்பு அப்படியே இருந்தது.

வீட்டைப் பூட்டியது தை மாதக் கடைசியில். ஒருவர் தவறினாலும் வீடு தவறியதாகத்தான் கணக்கு. விதியில் பிழை ஏதும் இல்லை. வேன் வந்தது. நல்லப்பன் வழியனுப்ப வந்து, இந்த வருஷம் கிழங்கு விலை போகவில்லை என்று சொன்னார். மாதேஸ்வரி மூன்று பேரின் துணியையும் மடித்து வைத்தாள். திரும்ப ஆலைக்குக் கிழங்கு உரிக்கப் போவதாகச் சொன்னாள். குழந்தைவேலு வேனில் ஏறியதும் பாட ஆரம்பித்தான். அவள் ஓடிவந்து ஜன்னல் வழியாக அவன் தலையைத் தடவினாள். "நேரத்துக்குச் சாப்பிடு சாமி," என்றாள்.

பெரிய இல்லத்தில் தரைக்கோடுகளை அழித்திருந்தார்கள். ஆனாலும் யாரும் தாண்டவில்லை. எவ்வளவு தூரம் வேண்டும் என்று முப்பது பேரைக் கேட்டதில் இருபத்தேழு பேர், "எதுக்கு?" என்றார்களாம். தாமரைச்செல்விக்கு நேராகவே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்: செவ்வாய்க்கிழமை, பஸ் போகிற தூரம். முதல் வாரமே ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு போனாள். யாரையென்று கேட்டால், எதிர்க் கட்டில் லதாவை. பையைத் தூக்க ஆள் வேண்டுமாம்.

சூசை மெலிந்திருந்தான். பொன்னுரங்கத்தைப் பார்த்து, "வந்துட்டியா," என்றான். அவ்வளவுதான். பக்கத்துக் கட்டிலைப் பொன்னுரங்கம் கேட்டு வாங்கிக்கொண்டான். சாம்பார் திரும்ப வந்திருந்தது. கூழைவிட ஒரு பிடி கெட்டி, அவ்வளவுதான் வித்தியாசம். சூசை அதை ஒரு குறையும் சொல்லாமல் குடித்தான்.

பொன்னுரங்கம் தினமும் முயற்சி பண்ணினான். "உப்பு இருக்கா?" என்பான். "இருக்கு," என்பான் சூசை. "பருப்பு வெந்திருக்கா?" "இருக்கும்." அவன் மணிக்கட்டில் தொண்ணூற்றைந்து அசையாமல் நின்றது. ஒரு வாரம் போனது. இவனுக்காக வீட்டை விட்டது வீணோ என்று பொன்னுரங்கம் ஒரு மத்தியானம் முழுக்க மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

மறுநாள் அவன் வேறு மாதிரிப் போனான். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, தட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"இந்தச் சாம்பார் மாதிரி நான் எங்கயும் சாப்பிட்டதில்ல சூசை. இத்தன நாளு நீ சும்மாவே கொற சொல்லிட்டு இருந்திருக்க. அருமையா இருக்கு."

சூசை கையை நிறுத்தினான். பொன்னுரங்கத்தின் முகத்தைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். விரலால் ஒரு முருங்கைக்காயை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பினான்.

"இதுவா?" என்றான்.

"ஆமா."

"இதுவாடா அருமையா இருக்கு? மூட்டைதான் இடுப்புல விழுந்துச்சுன்னு நெனச்சேன், நாக்குலயும் விழுந்துருச்சா? முருங்கக்காயாடா இது, சைக்கிள் செயினு. பருப்பு எங்க இருக்கு, காட்டு. காட்டுறா பாப்போம். தண்ணியில மஞ்சத்தூளப் போட்டு... யோவ், யாருய்யா அங்க, சமையக்காரனக் கூப்புடு..."

எதிர்க் கட்டிலில் லதா எழுந்து உட்கார்ந்தாள். கூடத்தின் மூலையில் யாரோ, பல நாள் பேசாத தொண்டையில், "புளியும் இல்ல," என்றார்கள்.

எண்பத்தெட்டு. எழுபத்தொன்று. ஐம்பத்தாறு. பொன்னுரங்கம் அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு, வேகாத முருங்கைக்காயை மென்று, முழுத் தட்டையும் சாப்பிட்டு முடித்தான்.